ஒழுங்கைகளால் உயிர்த்த நகரம்

(எமது சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இக்கூட்டத்திற்கு எம்மை அழைத்த காரியதரிசி அவர்கள், அவுஸ்திரேலியாவில் நாம் தங்கியிருந்த மூன்று மாத காலத்து அனுபவங்களைப்பற்றிப் பேசவேண்டுமென்று கேட்டுக்கொண்டார்கள். பிரயாண அனுபவம் என்றால் விமானம் ஏறியது, குளிரில் நடுங்கியது, கங்காருவைக் கண்டது என்று கூறிவிட்டு மேடையைவிட்டு இறங்கிவிடலாம். அவ்வாறான பேச்சுக்களை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆகவே அவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, மெல்பேண் நகரத்தின் நடுப்பகுதி ஒருகாலத்திலே எவ்வாறு பாழடைந்து கிடந்தது, பின்னர் எவ்வாறு மீண்டது, அந்த மீட்சியின் பாரத்தைச் சுமந்தவர்கள் யாவர் என்னும் ஒரு விஷயத்தை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். இந்த மண்டபத்தில் இருப்பவர்களுள் மெல்பேணிலே ஒரு மாமனோ மச்சானோ இல்லாத குடும்பம் மிகச் சிலவாகவே இருக்கும். ஆதலால் விஷயம் தூரதேசத்ததாயினும் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

நாம் தங்கியிருந்த வீடு தண்டெனாங் என்னும் பகுதியில் உள்ளது. நடுநகரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர். வந்து சேர்ந்த மூன்றாம் நாள் எமது பெறாமகன், “சித்தப்பா, பட்டினம் பார்க்கப் போவோம்” என்று ரயிலில் அழைத்துச் சென்றார். வானளாவிய மாளிகைகளைக் காட்டப் போகிறார் என்று நாம் நினைத்தோம். அவரோ ரயில் நிலையத்துக்கு எதிரே வீதியைக் கடந்து, ஒரு ஒழுங்கைக்குள் எம்மைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஆம், ஒழுங்கைதான். இரண்டு பக்கமும் உயர்ந்த பழைய கட்டிடச் சுவர்கள்; நிலத்திலே கருங்கல்; நடுவில் சிறு மேசைகளும் முக்காலிகளும்; அவற்றுக்கிடையே சனம் தோளோடு தோள் உரச நடந்துகொண்டிருந்தது. கோப்பியின் வாசனையும், பாண் வாட்டும் வாசனையும், எங்கோ வெள்ளைப்பூண்டு பொரியும் வாசனையும் ஒன்றாய் எழுந்தன. அந்த ஒழுங்கையின் பெயர் டிகிரேவ்ஸ் வீதி. “இதுதான் பட்டினம்” என்றார் பெறாமகன்.

இது எப்படி உண்டாயிற்று என்று அறியப் பின்பு பலரைக் கேட்டும் வாசித்தும் பார்த்தோம். அதன் வரலாறு 1837ஆம் ஆண்டில் ஆரம்பிக்கிறது. றொபேட் ஹொடில் என்னும் நில அளவையாளர், யாரா ஆற்றின் கரையிலே ஏறக்குறைய ஒரு மைல் நீளமும் அரை மைல் அகலமும் கொண்ட ஒரு பரப்பை அளந்து, சதுரங்கப் பலகைபோல் வீதிகளுக்குக் கோடிட்டார். பெருவீதிகள் 99 அடி அகலம். அக்காலத் தேசாதிபதியாயிருந்த பேர்க் என்பவரோ, கட்டிடங்களின் பின்புறத்துக்குப் போய்வரச் சிறுபாதைகள் வேண்டும் என்றார். இருவர் எண்ணமும் நிறைவேறிற்று. நீளவாட்டில் ஓடிய 99 அடி வீதிகளுக்குப் பக்கத்திலே 33 அடிச் சிறுவீதிகளும் ஓடின. பின்னர் காணிகளை வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டு விற்றபோது, தத்தம் வசதிக்கேற்ப ஒழுங்கைகளையும் முடுக்குகளையும் விட்டுச் சென்றனர். சாமான் இறக்கவும் குப்பை எடுக்கவும் அவை பயன்பட்டன. வேறொரு காரியத்துக்கும் பயன்பட்டன. நம்முடைய பழைய பட்டினத்து வீடுகளின் பின்புறத்தில் ஒழுங்கை எதற்காக விடப்பட்டிருந்ததென்பதைப் பெரியோர் அறிவர். இளைஞர்கள் வீட்டிற்போய்க் கேட்டறிந்துகொள்வார்களாக!

இவ்வாறு அருவருப்புக்குரிய இடங்களாய் இருந்த ஒழுங்கைகளே பின்னாளில் அந்நகரத்துக்கு மருந்தாயின. ஆனால் அதற்கு முன் நோயைச் சொல்லவேண்டும்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் மோட்டார்க் கார் பெருகியது. மக்கள் நகரத்தை விட்டுத் தூரத்திலே காணி வாங்கி, முன்னும் பின்னும் தோட்டத்தோடு வீடுகள் கட்டிக்கொண்டு போயினர். கடைகளும் அவர்களைப் பின்தொடர்ந்தன. 1960ஆம் ஆண்டிலே சட்ஸ்ரன் என்னும் புறநகரில், ஆயிரக்கணக்கான கார்கள் நிறுத்தத்தக்க பெரியதொரு வர்த்தக நிலையம் திறக்கப்பட்டது. வேண்டிய யாவும் ஒரே கூரையின் கீழ்க் கிடைக்குமானால் நடுநகரத்துக்கு ஏன் போகவேண்டும்? வேலைக்கு மாத்திரம் போவார்கள். ஐந்து மணி அடித்ததும் ரயிலைப் பிடித்து வீடு திரும்புவார்கள்.

இதற்கு மேல் ஒரு சட்டமும் சேர்ந்துகொண்டது. 1916ஆம் ஆண்டு முதல் 1966ஆம் ஆண்டுவரை, ஐம்பது வருடகாலம், அந்த மாநிலத்திலே மதுச்சாலைகள் மாலை ஆறு மணிக்கு மூடப்படவேண்டும் என்பது விதி. குடியைக் குறைக்கும் நல்ல நோக்கத்தோடு செய்த விதிதான். நடந்தது என்னவென்றால், ஐந்து மணிக்கு வேலை விட்டவர்கள் ஆறு மணிக்குள் ஒரு நாட்குடியையும் குடித்து முடித்தனர்; அதன் பின் நகரம் இருண்டது. இந்து வாலிபர்களின் சபையிலே மதுவைப்பற்றிப் பேசுவதற்குப் பொறுத்தருள வேண்டும். நாம் அதற்குப் பரிந்துபேச வரவில்லை. ஒரு நகரத்தின் இராப்பொழுது எவ்வாறு மரித்தது என்பதைக் கூறும்போது இதை மறைத்தால் கதை முழுமையாகாது.

1978ஆம் ஆண்டிலே அந்நகரத்தின் பத்திரிகை ஒன்றில் எழுதிய கட்டிடக்கலை விமர்சகர் ஒருவர், மெல்பேணின் நடுப்பகுதி வெறுமையானது, ஒன்றுக்கும் உதவாதது என்று வெளிப்படையாகவே கண்டித்தார். 1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலே அங்கு குடியேறிய எமது உறவினர் ஒருவர் கூறினார்: “அண்ணை, சனிக்கிழமை பின்னேரம் பட்டினத்துக்குப் போனால் எங்கடை சப்பாத்துச் சத்தம் எங்களுக்கே கேட்கும். ஒரு தேத்தண்ணி குடிக்க இடமில்லை. ஊரிலை ஊரடங்குச் சட்டத்துக்குப் பயந்து வந்தனாங்கள், இங்கையும் அதுதானோ எண்டு நினைச்சம்.” இதனை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். 1983க்குப் பின் போனவர் எந்த நினைவோடு போயிருப்பார் என்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை.

1990ஆம் ஆண்டளவில் நிலைமை இன்னும் கேடடைந்தது. மாநிலத்தின் அரசாங்க வங்கியே நொடித்து வேறொரு வங்கிக்கு விற்கப்பட்டது. புதிதாகக் கட்டிய அலுவலக மாளிகைகள் வாடகைக்கு ஆளின்றிக் கிடந்தன. பழைய பண்டகசாலைகளின் மேல்மாடிகளிலே புறாக்கள் குடியிருந்தன.

இனி மருந்தைப் பார்ப்போம். பெரும் பணத்தைக் கொட்டி, பழையதை இடித்து, புதியதொரு பட்டினம் கட்டுவதே பரிகாரம் என்று பலர் எண்ணுவர். மெல்பேண் மாநகரசபை அப்படிச் செய்யவில்லை. 1985ஆம் ஆண்டில் அது ஒரு திட்டத்தை வகுத்தது. அதை நிறைவேற்றுவதிலே முன்னின்றவர்களுள் ஒருவர் றொப் அடம்ஸ் என்னும் கட்டிடக்கலைஞர். அவர் பல தசாப்தங்கள் அதே சபையிலே பணிபுரிந்தார் என்பதை இளைஞர்கள் கவனிக்கவேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆளும் திட்டமும் மாறும் இடங்களில் இவை நடக்கமாட்டா. அவர்கள் செய்தவை சின்னஞ்சிறு காரியங்கள். தார் பூசிய நடைபாதைகளைப் பகுதி பகுதியாகக் கிளப்பி, அந்நாட்டுக் கருங்கல்லைப் பதித்தனர். நடைபாதையை அகலமாக்கினர். மரம் நட்டனர். பத்திரிகை, பழம், பூ விற்போருக்கு ஒரே மாதிரியான சிறு கடைக்கூடுகள் அமைத்தனர். முக்கிய வீதிகளில் புதிய கட்டிடம் எழுப்புவோர் நிலமாடியிலே வெறுஞ்சுவரை நிறுத்தக்கூடாது, வாசலும் கண்ணாடியும் வைக்கவேண்டும் என்று கட்டளையிட்டனர். வெறுஞ்சுவரின் பக்கமாய் யார் நடப்பார்? இருட்டிய பின் பெண்பிள்ளைகள் நடப்பார்களா?

பேர்க் வீதியின் ஒரு பகுதியிலே 1978ஆம் ஆண்டு முதலே கார்கள் தடைசெய்யப்பட்டிருந்தன. 1992ஆம் ஆண்டிலே நகரத்தின் முதுகெலும்பு போன்ற சுவான்ஸ்ரன் வீதியிலும் பகல்நேரத்தில் கார் ஓட்டம் நிறுத்தப்பட்டது. ட்ராம் வண்டிகளும் நடப்பவர்களும் மாத்திரம் சென்றனர். கார் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர் பலர் அஞ்சினர். டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனிலே 1962ஆம் ஆண்டில் இதே காரியத்தைச் செய்தபோதும் வியாபாரிகள் இப்படித்தான் அஞ்சினார்கள். வீதியில் உலாவுவதும் உட்காருவதும் இத்தாலியருக்கு ஏற்றவை, குளிர்தேசத்து நமக்கு ஆகாதவை என்றுகூடச் சொன்னார்களாம்.

அந்தக் கோப்பன்ஹேகனைச் சேர்ந்த யான் கேல் என்னும் அறிஞரையே மெல்பேண் மாநகரசபையும் அழைத்தது. இவர் செய்தது என்ன? வீதிச் சந்திகளிலே ஆட்களை நிறுத்தி, எத்தனைபேர் நடக்கிறார்கள், எத்தனைபேர் நிற்கிறார்கள், எத்தனைபேர் உட்காருகிறார்கள் என்று எண்ணச் சொன்னார். வேறு மந்திரமில்லை. கார்களை எண்ணாத நகரம் உலகத்தில் இல்லை. மனிதரை எண்ணிய நகரங்கள் மிகச் சில. 1993ஆம் ஆண்டில் எண்ணினார்கள். அடுத்த வருடம் அறிக்கை வெளிவந்தது. 2004ஆம் ஆண்டில் மறுபடியும் எண்ணினார்கள். இடைப்பட்ட காலத்தில், வேலைநாட்களிற் பகலில் நடந்தவர் தொகை 39 சதவீதம் கூடியிருந்தது; மாலைக்குப் பின் நடந்தவர் தொகை ஏறக்குறைய இருமடங்காயிருந்தது. 1998இல் 95ஆக இருந்த, வெளியே மேசை போட்ட கோப்பிக்கடைகள் 356ஆகப் பெருகியிருந்தன. மக்கள் விரும்பி நடக்கத்தக்க ஒழுங்கைகளின் நீளம் 300 மீற்றரிலிருந்து ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீற்றருக்கு வளர்ந்திருந்தது.

இவற்றோடு மூன்றாவதொரு காரியமும் நடந்தது. ஆளற்றுக் கிடந்த அலுவலகங்களையும் பண்டகசாலைகளையும் வீடுகளாக மாற்றுவோருக்கு மாநகரசபையும் மாநில அரசாங்கமும் 1992ஆம் ஆண்டு முதல் சலுகையும் ஆலோசனையும் வழங்கின. நடுநகரத்தின் தபாற்குறி 3000. அதுவே திட்டத்தின் பெயருமாயிற்று. 1992இல் நடுநகரத்திற் குடியிருந்தவர் 1,008 பேர். பத்து வருடத்தின் பின் 9,375 பேர். இரவிலே விளக்கு எரியும் ஜன்னல்கள் வந்தன. பாண் வாங்க ஆள் வந்தது.

இப்போது சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். முன்வரிசையிலே சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது!

மெல்பேணின் சாப்பாடு ஒரே நாளில் வந்ததன்று. 1851ஆம் ஆண்டிலே அந்த மாநிலத்திற் பொன் கண்டுபிடிக்கப்பட்டது. பொன்னைத் தேடிவந்த சீனர்கள் சிறிய பேர்க் வீதியிலே, அதாவது முன்சொன்ன 33 அடி வீதிகளுள் ஒன்றிலே, வாடகை குறைவாயிருந்தமையால் தங்கினர். பலசரக்குக் கடையும் சாப்பாட்டுக்கடையும் வைத்தனர். 1901ஆம் ஆண்டிலே வெள்ளையரல்லாதாரைத் தடுக்கும் குடிவரவுச் சட்டம் வந்தது. சீனர் தொகை குறைந்தது. ஆயினும் அந்தத் தெரு அழியவில்லை. இன்றும் அது சீனர் தெருவே. யுத்தத்தின்பின் இத்தாலியரும் கிரேக்கரும் ஆயிரமாயிரமாய் வந்தனர். லொன்ஸ்டேல் வீதியின் ஒரு பகுதி கிரேக்கர் இடமாயிற்று. 1973ஆம் ஆண்டிலே அந்த நிறபேதக் கொள்கையின் மிச்சமும் ஒழிக்கப்பட்டது. 1975க்குப் பின் வியட்நாமிலிருந்து அகதிகள் வந்தனர். பிரெஞ்சுக்காரரிடம் கற்ற பாணைப் பிளந்து, இறைச்சியும் கொத்தமல்லித்தழையும் மிளகாயும் வைத்து விற்றனர். பின்பு நம்மவரும் இந்தியரும் போயினர். இன்று அந்த நடுநகரத்திலே தோசையும் உண்டு, கொத்துரொட்டியும் உண்டு, அப்பமும் உண்டு. சொதியோடு இடியப்பம் நன்றாக வேண்டுமென்றால் தண்டெனாங்குக்கே திரும்பிவர வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். அதை விட்டுவிடுவோம்.

இவர்கள் எல்லாரும் பெருவீதியிலே கடை எடுத்திருக்க முடியுமா? முடியாது. புதிதாய் வந்தவன் கையில் முதல் இல்லை. பெருவீதியிற் கடை வாடகை கேட்டாற் தலை சுற்றும். ஒழுங்கையிலோ, சாமான் அறையாய்ப் பூட்டிக்கிடந்த ஒரு சிறு அறை, ஒரு பாய் விரிக்கும் அளவு இடம், குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. அதற்குள் அடுப்பொன்றும் கோப்பி யந்திரமொன்றும் ஒரு பலகையும் வைத்தால் கடை. இருக்க இடம் வெளியே. மாநகரசபைக்கு அனுமதிப்பணம் கட்டி நான்கு மேசை போட்டுக்கொள்ளலாம். நாம் நின்று பார்த்த ஒரு கடையிலே, உள்ளே இருவர் ஒருவர் மேல் ஒருவர் முட்டாமல் திரும்புவதே ஒரு நடனம்போல் இருந்தது. கோப்பி வாங்கியவர்கள் வெளியே நின்று குடித்தார்கள். நின்றவர்களைக் கண்டு மற்றவர்கள் நின்றார்கள். உடுப்புக்கடைக்குப் போகிறவன் வாங்கியதும் போய்விடுவான். சாப்பிட வந்தவன் அரைமணி நேரமாவது இருப்பான். காலையில் கோப்பிக்கு ஒரு கூட்டம், மத்தியானத்துக்கு ஒரு கூட்டம், இரவுச் சாப்பாட்டுக்கு வேறொரு கூட்டம் என்று ஒரே ஒழுங்கை நாளில் மூன்றுமுறை நிரம்புகிறது. 1986ஆம் ஆண்டிலே பொருளியலறிஞர் ஒருவர் அளித்த அறிக்கையின் பேரில் மதுச்சட்டமும் தளர்த்தப்பட்டது. பெரிய மதுச்சாலைகள் மாத்திரம் பெற்றுவந்த அனுமதியைச் சிறு கடைகளும் பெறலாயின. அதன் நன்மை தீமைகளை அந்நாட்டாரே ஆராயட்டும்.

எமது சம்பந்தி ஒருவர், ஓய்வுபெற்ற கணக்காளர், இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு ஆட்சேபம் சொன்னார். “கோப்பி குடித்து ஒரு நகரம் பிழைத்ததென்பது சிரிப்புக்கிடமானது. 1990களின் பிற்பகுதியிலே நாட்டின் பொருளாதாரம் திரும்பிற்று; அலுவலகங்கள் நிரம்பின; பல்கலைக்கழகங்களுக்கு வெளிநாட்டு மாணவர் வந்தார்கள்; அதனாலே சனம் வந்தது. வீட்டிலே சமைத்துண்ணாமல் தெருவில் உண்பது காசைக் கரைக்கும் பழக்கம்” என்றார். அவர் சொன்னதிலே பாதி உண்மையென்று அப்போதே ஒப்புக்கொண்டோம். பணமில்லாத ஊரிலே மேசை போட்டாற் காகந்தான் வந்து இருக்கும். ஆனால் ஒன்றைக் கேட்டோம்: 1970களிலும் அலுவலகங்கள் நிரம்பித்தானே இருந்தன? அப்படியானால் ஏன் ஐந்து மணிக்குப் பின் ஆளில்லை? அலுவலகம் பகலை நிரப்பும், இரவை நிரப்பாது. நடக்கத்தக்க வழியும், போய் இருக்கத்தக்க இடமும், மேல்மாடியிலே குடியிருக்கும் குடும்பமும் வேண்டும். சம்பந்தி ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் அவரே எம்மை ஒரு கிரேக்கக் கடைக்கு அழைத்துச்சென்றார். காசையும் அவரே கொடுத்தார்.

இங்கே ஒரு மனிதரைப்பற்றிச் சொல்லவேண்டும். பேர்க் வீதியின் மேற்புறத்திலே பெலகிறீனி என்னும் இத்தாலியக் கோப்பிக்கடை ஒன்று 1954ஆம் ஆண்டு முதல் உண்டு. நகரம் செத்துக்கிடந்த காலத்திலும் விளக்கை அணைக்காத கடைகளுள் ஒன்று அது. 1974ஆம் ஆண்டு முதல் அதனை நடத்திய இருவருள் ஒருவர் சிஸ்ரோ மலஸ்பீனா என்பவர். இத்தாலியிலிருந்து இளமையிலே வந்தவர். 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, அதே வீதியில் ஒரு வாகனம் தீப்பற்றியதைக் கண்டு, விபத்தாக்கும் என்று எண்ணி உதவிக்கு ஓடினார். வாகனத்தில் வந்தவனோ கத்தியோடு வந்தவன். அவர் அங்கேயே குத்துண்டு இறந்தார். கடை வாசலிலே மக்கள் வைத்த பூக்கள் நடைபாதை நெடுகக் குவிந்தன. அரசாங்கம் அவருக்கு அரச மரியாதையோடு இறுதிக்கிரியை நடத்தியது. மந்திரியல்லர், தளபதியல்லர்; கோப்பி ஊற்றிக்கொடுத்தவர். நாற்பத்துநான்கு வருடம் ஒரே பலகையின் பின் நின்று, வந்தவர்களை முகங்கொடுத்து வரவேற்றவர். அக்கடையிலே நாமும் ஒருநாள் போய் இருந்தோம். சுவரோரமாய் உயர்ந்த முக்காலிகள். எமது பக்கத்திலே ஒரு வழக்கறிஞரும் ஒரு கட்டிட வேலைக்காரரும் தோள் முட்ட இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவும் கேட்டவர்கள் அந்நகரம் சொர்க்கமென்று எண்ணவேண்டாம். ஒழுங்கைகள் புகழ்பெற்றதும் வாடகை ஏறிற்று. அருவருப்புக்குரிய இடமென்று மலிவாய்க் கிடைத்தபோது கடை வைத்தவர்கள் சிலர், அழகான இடமானபின் அங்கே நிற்க முடியாமற் போயினர். வீடற்றவர்கள் நடுநகரத்து நடைபாதையிலே படுக்கிறார்கள். 2017ஆம் ஆண்டிலே பெரிய ரயில் நிலையத்தின் முன் அவர்கள் போட்டிருந்த கூடாரங்கள் பொலிஸாராற் கலைக்கப்பட்டன. அதே ஆண்டு தை மாதத்திலே ஒருவன் பேர்க் வீதியில் நடப்பவர்கள் மீது காரைச் செலுத்தி ஆறுபேரைக் கொன்றான். அதன்பின் அங்கெல்லாம் பாரிய தடைக்கற்கள் நிற்கின்றன. புகழ்பெற்ற உணவுச்சாலைகள் சில, தொழிலாளருக்குச் சட்டப்படி கொடுக்கவேண்டிய சம்பளத்தைக் கொடுக்காமல் விட்டதும் அண்மைக்காலத்திலே அம்பலமாயிற்று.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை 2020ஆம் ஆண்டிலே வந்தது. தொற்றுநோய்க் காலத்தில் மெல்பேண் ஆறுமுறை முடக்கப்பட்டது. இரண்டு வருடத்தில் மொத்தம் 262 நாட்கள். நடப்பவர்களை எண்ண 2009ஆம் ஆண்டு முதல் மாநகரசபை யந்திரங்களைப் பொருத்தி வைத்திருக்கிறது. எண்ணுவதற்கு ஆளின்றி அந்த யந்திரங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அரசாங்கம் வேலையிழப்போருக்குச் சம்பள உதவி அளித்தது. ஆனால் தற்காலிக விசாவில் இருந்தவர்களுக்கு, மாணவர்களுக்கு, அது கிடைக்கவில்லை. தம்மைத் தாமே தாங்க முடியாதவர்கள் தத்தம் நாட்டுக்குத் திரும்பவேண்டும் என்று பிரதம மந்திரியே 2020ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் வெளிப்படையாகச் சொன்னார். அந்த உணவுச்சாலைகளின் அடுக்களைகளிலே சட்டி கழுவியவர்கள் யார், வெங்காயம் உரித்தவர்கள் யார்? பெரும்பாலும் இவர்களே. பல தேசத்து உணவு என்று நகரம் பெருமை பேசியது. அந்தப் பல தேசத்துப் பிள்ளைகள் பசித்திருந்தபோது அரசாங்கம் கதவைச் சாத்தியது. சமய ஸ்தாபனங்களும் தொண்டர்களும் சோறு கொடுத்தார்கள். சிறப்பாகச் சீக்கியத் தொண்டர்கள் வாகனங்களிலே சமைத்த உணவை வீடுவீடாகக் கொண்டுபோய் இனமதம் பாராமற் கொடுத்ததைத் தமிழரும் நன்றியோடு நினைவுகூருகிறார்கள்.

முடக்கம் நீங்கியபோது மாநகரசபை கார் நிறுத்தும் இடங்களிலும் மேசை போட அனுமதித்தது. சனமும் திரும்பியது. ஆனால் ஒரு வித்தியாசம். மாலைகளும் சனி ஞாயிறும் விரைவில் நிரம்பின. வேலைநாட் பகலே மெதுவாய்த் திரும்பியது. வீட்டிலிருந்தே அலுவலக வேலை செய்யப் பழகிவிட்டார்கள். அலுவலகத்தாரின் மத்தியானச் சாப்பாட்டையே நம்பியிருந்த கடைகள் வாடின. சம்பந்தியுடன் நாம் வாதாடியபோது இந்த விஷயம் நினைவுக்கு வராமற்போனது பெருங்குறைதான்.

கடைசியாக ஒரு பையனைப்பற்றிச் சொல்லி முடிப்போம். பெயர் வேண்டாம். வடமராட்சிப் பக்கத்துப் பிள்ளை, படிக்கப் போனவர். நாம் முன்சொன்ன ஒழுங்கைகளுள் ஒன்றில் சட்டி கழுவுகிறார். மாணவ விசாவில் இருப்பவர் படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலமே வேலை செய்யலாம். அதற்குள் வாடகை, ரயிற்காசு, சாப்பாடு எல்லாம் அடங்கவேண்டும். இரவு தண்டெனாங் செல்லும் ரயிலிலே எமக்கு எதிரே இருந்தவர், தமிழ் கேட்டு, “நீங்கள் எந்த ஊர் ஐயா?” என்று தொடங்கினார். கைவிரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. ஒழுங்கைகளின் அழகைப்பற்றி நாம் அவரிடமும் சற்றுப் பெருமையாகப் பேசிவிட்டோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நான் அங்கை ஒண்டரை வருஷமா நிக்கிறன் ஐயா. முன்பக்கத்துக் கதிரையிலை ஒருநாளும் இருந்ததில்லை” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலையில்லை. பெறாமகனும் நாமும் அவரை அழைத்துக்கொண்டு அதே ஒழுங்கைக்குப் போனோம். முதலில் தயங்கினார், பின்பு இருந்தார். கோப்பி வந்தது. பாதி குடிக்குமுன் உள்ளே ஏதோ ஒரு தட்டு விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மாத்திரம் எழுந்து பாதிதூரம் போய்விட்டார். பின்பு வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு திரும்பிவந்து இருந்தார்.

 எமது பெறாமகன் எடுத்தனுப்பிய படங்கள் சில வெளிமண்டபத்து மேசையிலே வைக்கப்பட்டுள்ளன. தேநீர் அருந்தும்போது பார்த்துக்கொள்ளலாம்.